யார்டில் சி.டி. சோதனை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துணைமின் நிலையங்களில் ரிலே (லைனில் கோளாறு வந்தால் பிரேக்கர் என்னும் பெரிய சுவிட்சைத் திறக்கச் சொல்லும் கருவி), மீட்டர் சோதிக்கும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். புதிதாகச் சேரும் உதவிப் பொறியாளர்களும் பயிற்சிக்கு வரும் டிப்ளமோ மாணவர்களும் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். யார்டில், அதாவது நிலையத்தின் திறந்தவெளிக் கருவிக்களத்தில் நின்றுகொண்டு, மின்தடை நேரம் முடியுமுன் அவசரமாகச் சொன்ன பதில்களை இங்கே நிதானமாக எழுதியிருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட விதத்திலேயே வைத்திருக்கிறேன். லைனில் ஓடும் பெரிய மின்னோட்டத்தை ரிலேவுக்கும் மீட்டருக்கும் ஏற்றபடி சிறிதாக்கித் தரும் கருவியை, மின்னோட்ட மின்மாற்றி என்று பாடநூல் சொல்வதை, நாங்கள் சி.டி. என்றே அழைப்பதால் இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

1. சி.டி.யும் ஒரு மின்மாற்றிதானே? அதற்கென்று தனியாக என்ன சோதனை வேண்டியிருக்கிறது?

மின்மாற்றிதான். ஆனால் பெரிய பவர் டிரான்ஸ்ஃபார்மரில் கோளாறு வந்தால் சத்தம், சூடு, எண்ணெய்க் கசிவு என்று ஏதாவது ஒன்று காட்டிக்கொடுக்கும். சி.டி. அப்படியில்லை. லைனில் 400 ஆம்பியர் ஓடும்போது 1 ஆம்பியர் தர வேண்டிய பொருள் 0.9 தந்தாலும் யாருக்கும் தெரியாது. லைனில் உண்மையில் என்ன ஓடுகிறது என்று ரிலேவுக்கும் தெரியாது. சி.டி. சொன்னதை அது அப்படியே நம்பும்.

கம்பிச்சுருளில் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது, காப்பு பலவீனமாவது, டெர்மினல் தளர்ந்து மின்சுற்று அறுவது, முனைகள் மாறிப்போவது, எர்த் இரண்டு இடத்தில் விழுவது ஆகியவையே நாம் தேடும் பழுதுகள். இவற்றை வைத்துக்கொண்டு ஒரு பே (ஒரு லைனுக்கான பிரேக்கர், சி.டி. எல்லாம் சேர்ந்த பகுதி) பல மாதங்கள் எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஓடிவிடும். லைனில் கோளாறு வந்து பிரேக்கர் விழ (திறந்துகொள்ள) வேண்டிய அந்த ஒரு நொடியில்தான் குட்டு வெளிப்படும். அப்போது பாதிப்பு சி.டி.யோடு நிற்காது.

2. பெயர்ப்பலகையில் 400/1, 5பி20, 15 விஏ என்று போட்டிருக்கிறது. இதை எப்படிப் படிப்பது?

பிரைமரியில் (லைன் பக்கம்) 400 ஆம்பியர் ஓடினால் செகண்டரியில் (ரிலே பக்கம்) 1 ஆம்பியர் வரும். ‘பி’ என்பது பாதுகாப்புக்கான உள்ளகம் (சுருள் சுற்றிய இரும்பு மையம்) என்பதைக் குறிக்கிறது. பலகையில் குறித்த மின்னோட்டத்தைப்போல் 20 மடங்கு வந்தாலும், 15 விஏ (வோல்ட்-ஆம்பியர்) சுமை, அதாவது செகண்டரியில் மாட்டிய கேபிளும் ரிலேயும், இருக்கும்போது மொத்தப் பிழை 5 சதவீதத்தைத் தாண்டாது என்பதே 5பி20. மீட்டருக்கான உள்ளகத்தில் 0.2எஸ், 0.5 போன்ற வகுப்பு இருக்கும். டிஃபரன்ஷியல் பாதுகாப்புக்குப் (உள்ளே போகும் மின்னோட்டத்தையும் வெளியே வருவதையும் ஒப்பிடுவது) பி.எஸ். வகுப்பு, அதில் விஏவுக்குப் பதில் முழங்கால் புள்ளி மின்னழுத்தமும் (உள்ளகம் தெவிட்டத் தொடங்கும் இடம், 9ஆம் பதிலைப் பாருங்கள்) கம்பிச்சுருள் மின்தடையும் எழுதியிருக்கும்.

பலகையிலிருந்து ஒரு கணக்கைப் போட்டுக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பயன்படும். 1 ஆம்பியரில் 15 விஏ என்றால் 15 ஓம். கம்பிச்சுருள் மின்தடை 3 ஓம் என்று வைத்துக்கொள்வோம். இந்த சி.டி. உள்ளுக்குள் உண்டாக்க வேண்டிய மின்னழுத்தம் 20 × 1 × (15 + 3), அதாவது 360 வோல்ட். முழங்கால் புள்ளி இதற்குச் சற்றுக் கீழே இருக்கும். சோதனையில் 150 வோல்ட்டிலேயே உள்ளகம் தெவிட்டிவிட்டால் ஏதோ கோளாறு என்று உடனே தெரிந்துவிடும்.

3. செகண்டரியைத் திறந்துவிடக் கூடாது என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். உண்மையில் என்ன ஆகும்?

பயமுறுத்தவில்லை, உள்ளதைத்தான் சொல்கிறார்கள். சாதாரண நிலையில் பிரைமரி உண்டாக்கும் காந்த விசையைச் செகண்டரி மின்னோட்டம் ஏறக்குறைய முழுவதும் ஈடுசெய்துவிடும். செகண்டரி அறுந்தால் ஈடுசெய்ய ஆளில்லை. பிரைமரி மின்னோட்டம் முழுவதும் உள்ளகத்தைக் காந்தமாக்கப் போய்விடுகிறது. ஒவ்வொரு அரைச் சுழற்சியிலும் காந்தப்பாயம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பாயும்போது செகண்டரி முனைகளில் ஆயிரக்கணக்கான வோல்ட் உச்சங்கள் தோன்றும். ஆளைக் கொல்லவும் டெர்மினல் பிளாக்கைக் கருக்கவும் அது போதும். உயிர் தப்பினாலும் உள்ளகம் சூடாகி, காந்தம் எஞ்சி நின்றுவிடும். அதைப் பற்றி 12ஆம் கேள்வியில் எழுதியிருக்கிறேன்.

ஓடிக்கொண்டிருக்கும் மின்சுற்றில் ரிலேவையோ மீட்டரையோ கழற்ற வேண்டியிருந்தால், முதலில் சி.டி. பக்கத்தை ஷார்ட் செய்யுங்கள். டாங் டெஸ்டரை (கம்பியைக் கவ்வி மின்னோட்டம் அளக்கும் கருவி) மாட்டி மின்னோட்டம் ஷார்ட் லிங்க் வழியாகப் போவதைக் கண்ணால் பாருங்கள். பிறகுதான் ஸ்க்ரூ டிரைவரைத் தொட வேண்டும். நடுவில் உள்ள அந்தப் பார்வையைத் தவிர்ப்பவர்களே அடிபடுகிறார்கள்.

4. எந்தச் சோதனையை முதலில் செய்ய வேண்டும்? வரிசை மாறினால் என்ன?

லைன் கிளியர் (மின்சாரம் நிறுத்தப்பட்டது என்ற எழுத்து அனுமதி) கையில் வந்து, ஐசொலேட்டர் (லைனைப் பிரிக்கும் சுவிட்ச்) திறந்திருப்பதைக் கண்ணால் பார்த்து, டிஸ்சார்ஜ் ராடு (லைனை எர்த்தோடு இணைக்கும் கோல்) போட்ட பிறகே எதுவும். அதன்பின் நான் பின்பற்றும் வரிசை: கண்ணால் பார்த்தல், மெக்கர் (காப்பின் மின்தடையை அளக்கும் கருவி), கம்பிச்சுருள் மின்தடை, முனைகள், விகிதம், சுமை, கடைசியாகக் காந்தமாக்கல் சோதனை.

காந்தமாக்கல் கடைசியில் வருவதற்குக் காரணம் உண்டு. மின்தடை அளப்பதற்கும் முனைகளைப் பார்ப்பதற்கும் நேர்மின்னோட்டம் செலுத்துகிறோம், அது உள்ளகத்தைக் காந்தமாக்கிவிட்டுப் போகும். காந்தமாக்கல் சோதனையில் மாறுமின்னழுத்தத்தைத் தெவிட்டும்வரை ஏற்றி, நிதானமாகப் பூஜ்யத்துக்கு இறக்கினால் அந்தக் காந்தம் கழுவப்பட்டுவிடும். வரிசையை மாற்றினால் அழுக்கான உள்ளகத்தோடு லைனைச் சார்ஜ் செய்கிறோம் என்று பொருள்.

5. மெக்கரில் எவ்வளவு வந்தால் நல்லது? ஒரே ஓர் எண் சொல்லுங்கள்.

ஒரே எண்ணைச் சொல்லி உங்களை ஏமாற்ற விருப்பமில்லை. பிரைமரிக்கும் எர்த்துக்கும், பிரைமரிக்கும் செகண்டரிக்கும் 2,500 அல்லது 5,000 வோல்ட் மெக்கர். செகண்டரிக்கும் எர்த்துக்கும், உள்ளகத்துக்கும் உள்ளகத்துக்கும் இடையில் 500 வோல்ட் போதும். எலக்ட்ரானிக் ரிலேக்களை முதலில் கழற்றிவிடுங்கள். பிரைமரியை எர்த்துக்கு எதிராக அளக்கும்போது அங்கே போட்ட எர்த்தை எடுத்திருக்க வேண்டும், அளந்து முடித்ததும் மறக்காமல் திரும்பப் போட வேண்டும்.

எண்ணைவிட ஒப்பீடு முக்கியம். ஆர், ஒய், பி என்ற மூன்று பேஸ்களில் ஆர், ஒய் இரண்டும் 200 மெகா ஓம் காட்ட, பி பேஸ் மட்டும் 3 காட்டினால், 3 போதுமா என்று விவாதிக்காதீர்கள்; ஏன் 3 என்று தேடுங்கள். பெரும்பாலும் மார்ஷலிங் பாக்ஸில் (சி.டி. கேபிள்கள் வந்து சேரும் பெட்டி) மழைநீர் இறங்கியிருக்கும், அல்லது கேபிள் கிளாண்ட் அருகே உறை கிழிந்திருக்கும். தூத்துக்குடி, எண்ணூர் போன்ற கடலோர யார்டுகளில் பீங்கான் மேல் உப்பு படிந்து பிரைமரி அளவீட்டைக் கீழே இழுக்கும். உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு மறுபடி அளந்து பார்க்காமல் சி.டி.யைக் குறை சொல்ல வேண்டாம்.

6. டார்ச் பேட்டரியை வைத்து முனை பார்க்கலாம் என்கிறார்கள். டிஜிட்டல் மீட்டரில் ஒன்றுமே தெரியவில்லையே?

முள் ஆடும் பழைய மீட்டர் வேண்டும். பிரைமரியின் முனைகள் பி1, பி2; செகண்டரியின் முனைகள் எஸ்1, எஸ்2. பேட்டரியின் நேர்முனையைப் பி1இலும் எதிர்முனையைப் பி2இலும் ஒரு கணம் தொடுங்கள். மீட்டரின் நேர்முனை எஸ்1இல் இருந்தால், தொடும்போது முள் வலப்பக்கம் துள்ளும், எடுக்கும்போது இடப்பக்கம் துள்ளும். அந்தத் துள்ளல் கண்ணிமைக்கும் நேரம்தான் நீடிக்கும். டிஜிட்டல் மீட்டர் அதற்குள் எண்ணைக் காட்டி முடிக்காது. துள்ளல் சிறியதாக இருந்தால் மில்லிஆம்பியர் வரம்புக்கு மாற்றுங்கள். பேட்டரியை அழுத்திப் பிடித்துக்கொண்டே நிற்கக் கூடாது; பிரைமரி ஒரு தடித்த கம்பி, பேட்டரிக்கு அது ஷார்ட் சர்க்யூட்.

ஒருவர் மேலே ஏணியில், ஒருவர் கீழே பெட்டியருகே என்றுதான் இதைச் செய்ய முடியும். மேலே இருப்பவர் “தொட்டேன்” என்று சொன்ன பிறகு கீழே இருப்பவர் முள்ளைப் பார்த்தால் எடுக்கும்போது வரும் துள்ளலைத்தான் பார்ப்பார். சரியான முனையைத் தலைகீழ் என்று எழுதிவிட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். தொடுவதற்கு முன்பே குரல் கொடுக்க வேண்டும்.

7. ஒரு பேஸில் முனை மாறினால் அவ்வளவு பெரிய தவறா? மின்னோட்டம் அதே அளவுதானே?

ஒரு துணைமின் நிலையத்தில் பி பேஸ் சி.டி.யை மாற்றிய மறுநாள் ஒரு 22 கிலோவோல்ட் ஃபீடர் (நிலையத்திலிருந்து மின்சாரம் கொண்டுபோகும் லைன்) எர்த் ஃபால்ட் (மின்னோட்டம் மண்ணுக்குப் பாயும் கோளாறு) காட்டி விழத் தொடங்கியது. பகலில் விழாமல் நிற்கும், மாலை ஆறரைக்குமேல் நிற்காது. லைன் முழுவதும் இரண்டு நாள் நடந்து தேடினார்கள். மரக்கிளை, இன்சுலேட்டர், எல்லாம் பார்த்தாயிற்று. லைனில் பழுதே இல்லை.

கணக்கு எளிது. 400/1 சி.டி., மூன்று பேஸும் சேரும் நியூட்ரலில் எர்த் ஃபால்ட் ரிலே எழும் அளவு 0.2 ஆம்பியர். மூன்று பேஸும் சமமாக இருந்தால் கூட்டுத்தொகை பூஜ்யம். ஒன்று தலைகீழானால் கூட்டுத்தொகை ஒரு பேஸ் மின்னோட்டத்தைப்போல் இரண்டு மடங்கு. லைனில் 40 ஆம்பியர் ஓடினால் ஒரு பேஸில் 0.1, நியூட்ரலில் 0.2, ரிலே எழுந்துவிடும். பகலில் சுமை 40க்குக் கீழே, விளக்கு வைக்கும் நேரத்தில் மேலே. எஸ்1, எஸ்2 கம்பிகளை இடம் மாற்றியதும் ஃபீடர் விழாமல் நின்றது.

மீட்டரிலும் இதே தவறு வேறு உருவத்தில் வரும். மூன்று பேஸ், நான்கு கம்பி மீட்டரில் சமமான சுமை இருக்கையில் ஒரு சி.டி. தலைகீழானால் ஒன்றும் ஒன்றும் கூடி ஒன்று கழிந்து, உண்மையில் மூன்றில் ஒரு பங்கைத்தான் மீட்டர் பதியும். ஒரு சி.டி. வேலை செய்யாமலே போனால் மூன்றில் இரண்டு பங்கு. ஒரு தொழிற்சாலையின் பதிவு திடீரென்று 33 அல்லது 67 சதவீதமாகக் குறைந்தால் திருட்டு என்று முடிவு கட்டுவதற்கு முன் சி.டி. மின்சுற்றைப் பாருங்கள்.

8. பிரைமரி இன்ஜெக்ஷன் கருவி எங்களிடம் இல்லை. விகிதம் பார்க்க வேறு வழி உண்டா?

உண்டு. கருவி இருந்தால் 100 ஆம்பியர் செலுத்தி 400/1 சி.டி.யில் 0.25 வருகிறதா என்று பார்ப்பது நேரான வழி. முழு 400 தேவையில்லை. 5பி வகுப்புக்கு பலகையில் குறித்த மின்னோட்டத்தில் அனுமதிக்கப்படும் விகிதப் பிழை 1 சதவீதம், 10பி வகுப்புக்கு 3 சதவீதம்.

கருவி இல்லையென்றால் செகண்டரிக்கு மாறுமின்னழுத்தம் கொடுத்துப் பிரைமரியில் என்ன தோன்றுகிறது என்று அளக்கலாம். எஸ்1, எஸ்2 இடையே 200 வோல்ட் கொடுத்தால் பி1, பி2 இடையே 0.5 வோல்ட் வர வேண்டும். முழங்கால் புள்ளிக்கு நன்றாகக் கீழே நில்லுங்கள். தலைகீழாக மட்டும் செய்துவிடாதீர்கள்: பிரைமரிக்கு 1 வோல்ட் கொடுத்தாலே செகண்டரியில் 400 வோல்ட் எழும்.

பவர் டிரான்ஸ்ஃபார்மர் புஷிங்கில் (கம்பி வெளியே வரும் பீங்கான் பகுதி) இருக்கும் சி.டி.க்கு பிரைமரி மின்னோட்டம் செலுத்துவதானால், டிரான்ஸ்ஃபார்மரின் எதிர்ப்பக்கக் கம்பிச்சுருளை ஷார்ட் செய்தால்தான் போதிய மின்னோட்டம் போகும்.

9. காந்தமாக்கல் சோதனை என்றால் என்ன? அதற்கு மட்டும் ஏன் இத்தனை மரியாதை?

பிரைமரியைத் திறந்துவைத்து, செகண்டரிக்கு வேரியாக் (மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) மூலம் மாறுமின்னழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் எவ்வளவு மின்னோட்டம் இழுக்கிறது என்று குறிப்பதுதான் சோதனை. மின்னழுத்தத்தை 10 சதவீதம் கூட்டும்போது மின்னோட்டம் 50 சதவீதம் கூடுகிற இடமே முழங்கால் புள்ளி. ஐ.எஸ். 2705, ஐ.இ.சி. 61869-2 என்ற தரநிலைகள் இரண்டிலும் இதே வரையறைதான். யார்டில் இதை நீ-பாயிண்ட் என்பார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. 400/1 சி.டி.யில் 50 வோல்ட்டுக்கு 5 மில்லிஆம்பியர், 100க்கு 8, 200க்கு 14, 300க்கு 22, 330க்கு 30, 363க்கு 47. 300இலிருந்து 330க்கு மின்னோட்டம் 36 சதவீதம்தான் கூடியிருக்கிறது. 330இலிருந்து 363க்கு 57 சதவீதம். ஆகவே முழங்கால் 330ஐ ஒட்டி இருக்கிறது. ஒரு முறை ஏற்றத் தொடங்கினால் நடுவில் இறக்காமல் ஏற்றிக்கொண்டே போங்கள். முன்னும் பின்னும் ஆட்டினால் வளைகோடு கலங்கும். பி.எஸ். வகுப்பில் முழங்கால் 1,000 வோல்ட்டைத் தாண்டுவது உண்டு, அதற்கு வேரியாக் மட்டும் போதாது. அந்த மின்னழுத்தம் நிற்கும்போது பெட்டியருகே யாரும் நிற்கக் கூடாது.

மரியாதைக்குக் காரணம் அடுத்த பதிலில் இருக்கிறது. நேரம் போதவில்லை என்று எல்லோரும் முதலில் விடுவதும் இந்தச் சோதனையைத்தான். எனக்கு அதில்தான் வருத்தம்.

10. ஓம் மீட்டர் சரி என்கிறது, விகிதமும் சரி, மெக்கரும் சரி. ஆனாலும் சி.டி. போய்விட்டது என்கிறீர்கள். எப்படி?

400 சுற்றுகளில் ஒரே ஒரு சுற்று ஒட்டிக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். மின்தடை 3 ஓம் என்பது 2.9925 ஆகும். வெயிலில் சி.டி. ஓரிரு டிகிரி சூடானாலே அதைவிட அதிகம் மாறும். ஓம் மீட்டரில் தெரியாது. மெக்கருக்கும் தெரியாது, ஏனென்றால் எர்த்துக்கு எந்தத் தொடர்பும் ஏற்படவில்லை.

விகிதத்தைப் பாருங்கள். 1 ஆம்பியர் ஓடும்போது கம்பிச்சுருளும் வெளிச்சுமையும் சேர்ந்து 8 ஓம் என்றால் உள்ளே 8 வோல்ட். ஒரு சுற்றுக்கு 0.02 வோல்ட். ஒரு சுற்றின் மின்தடை 3ஐ 400ஆல் வகுத்த 0.0075 ஓம். ஒட்டிய சுற்றுக்குள் 2.7 ஆம்பியர் வீணாகச் சுழலும். மொத்தம் 400 ஆம்பியர்-சுற்றுகளில் இது 0.67 சதவீதம். அனுமதி 1 சதவீதம்! சோதனைத் தாளில் ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிடுவோம்.

இப்போது அதே சி.டி.க்குச் செகண்டரியில் 100 வோல்ட் கொடுங்கள். ஒரு சுற்றுக்கு 0.25 வோல்ட். ஒட்டிய சுற்றில் கிட்டத்தட்ட 33 ஆம்பியர் சுழலும். 400 சுற்றுக்குப் பெயர்த்தால் நம் மீட்டரில் 83 மில்லிஆம்பியர். நல்ல சி.டி. 8 இழுக்கும் இடத்தில் இது ஏறக்குறைய பத்து மடங்கு இழுக்கிறது. மற்ற மூன்று சோதனைகளிலும் ஒளிந்துகொண்ட பழுது இங்கே வெட்டவெளியில் நிற்கிறது. அதை அப்படியே 300 வோல்ட்டுக்கு ஏற்றாதீர்கள்: அந்த ஒரு சுற்றுக்குள் 100 ஆம்பியர், 75 வாட் சூடு. பக்கத்துச் சுற்றின் எனாமலும் உருகிவிடும். 50 வோல்ட்டிலேயே மூன்று பேஸையும் ஒப்பிட்டுவிட்டு, ஒன்று மட்டும் தப்பித் தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

11. மூன்று பேஸுமே பத்து மடங்கு இழுக்கிறது. மூன்று சி.டி.யும் ஒரே நேரத்தில் கெடுமா?

கெடாது. இரண்டு பக்கமும் எர்த் போட்டிருக்கிறீர்கள்.

சி.டி.யின் பிரேக்கர் பக்கம் ஒரு டிஸ்சார்ஜ் ராடு, லைன் பக்கம் எர்த் ஸ்விட்ச். இரண்டும் யார்டின் எர்த் மேட்டில் (மண்ணில் புதைத்த உலோக வலை) சேர்கின்றன. பிரைமரி, ராடு, எர்த் மேட், எர்த் ஸ்விட்ச், மறுபடி பிரைமரி என்று ஒரு முழு வளையம் உருவாகிவிட்டது. உள்ளகத்தைச் சுற்றி அதுவும் ஒரு ஒட்டிய சுற்றுதான். முந்தைய பதிலில் சொன்ன 0.25 வோல்ட்டுக்கு அந்த வளையத்தின் மின்தடை 10 மில்லிஓமாக இருந்தால் 25 ஆம்பியர் ஓடும். உள்ளே ஒட்டிய சுற்றுக்கும் வெளியே உள்ள இந்த வளையத்துக்கும் மீட்டரில் வேறுபாடு தெரியாது. பிரைமரி இன்ஜெக்ஷனிலும் இதே வளையம் மின்னோட்டத்தைப் பங்கு போட்டுக்கொண்டு விகிதத்தைக் குறைத்துக் காட்டும்.

இதற்காக எல்லா எர்த்தையும் கழற்றிவிடாதீர்கள். பக்கத்து லைனில் மின்சாரம் ஓடும்போது நம் லைனில் தூண்டப்படும் மின்னழுத்தம் ஆளை வீழ்த்தும். லைன் கிளியர் வாங்கியவரிடம் சொல்லி, ஒரு பக்கத்து எர்த்தை மட்டும் எடுக்கச் செய்யுங்கள். இரண்டாவது எர்த் பிரேக்கருக்கு அப்பால் இருந்தால் பிரேக்கரைத் திறந்தாலே வளையம் அறுந்துவிடும். நல்ல நிலையில் இருந்த மூன்று சி.டி.க்களைக் கழற்றிக் கீழே இறக்கிய பிறகு இதைக் கண்டுபிடித்த இடமும் உண்டு.

12. லைனில் பெரிய ஃபால்ட் வந்துபோன பிறகு சி.டி.யைச் சோதிக்க வேண்டுமா? வெளியே ஒன்றும் தெரியவில்லையே.

சோதிப்பது நல்லது. ஃபால்ட் மின்னோட்டத்தில் தொடக்கத்தில் ஒரு நேர்மின்னோட்டக் கூறு கலந்திருக்கும். அது உள்ளகத்தை ஒரே திசையில் தள்ளும். உச்சத்தில் பிரேக்கர் வெட்டிவிட்டால் காந்தம் அங்கேயே தங்கிவிடும். சாதாரணச் சுமையில் இது தானாகக் கரையாது. அடுத்த ஃபால்ட் அதே திசையில் வந்தால் உள்ளகத்துக்கு இடம் போதாமல் உடனே தெவிட்டும். ரிலே தாமதிக்கும், அல்லது டிஃபரன்ஷியல் ரிலே தேவையில்லாமல் விழும்.

மருந்து 4ஆம் பதிலில் சொன்னதுதான்: முழங்காலைத் தாண்ட ஏற்றி, நிதானமாகப் பூஜ்யம்வரை இறக்குங்கள். சுவிட்சைப் படாரென்று அணைத்தால் நீங்களே புதிதாகக் காந்தம் ஏற்றியதாகிவிடும்.

13. சி.டி. நன்றாக இருக்கிறது. கேபிளையும் ஏன் அளக்கச் சொல்கிறீர்கள்?

சி.டி. தன் வாக்குறுதியைக் குறிப்பிட்ட சுமைக்குத்தான் தருகிறது. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி ஒரு கிலோமீட்டருக்கு 7.41 ஓம். யார்டிலிருந்து கட்டுப்பாட்டு அறை 100 மீட்டர் என்றால், எர்த் ஃபால்ட் மின்னோட்டம் போய்த் திரும்பும் வழி 200 மீட்டர், 1.48 ஓம். 1 ஆம்பியர் சி.டி.யில் இது 1.48 விஏ. 5 ஆம்பியர் சி.டி.யில் 5ஐ 5ஆல் பெருக்கி 1.48ஆல் பெருக்கினால் 37 விஏ! 15 விஏ சி.டி. ரிலேயைத் தொடுவதற்குள்ளேயே மூச்சடைத்துவிடும். பெரிய யார்டுகளில் 1 ஆம்பியரை விரும்புவதற்கு இதுதான் காரணம்.

அளக்கும் முறை: சி.டி. பக்கத்தைப் பிரித்துவிட்டு, ரிலே இருக்கும் திசையில் 1 ஆம்பியர் செலுத்தி மின்னழுத்தத்தைப் பாருங்கள். 4 வோல்ட் வந்தால் 4 விஏ. ஒரு பேஸில் மட்டும் 11 வந்தால் அங்கே ஏதோ ஓர் இணைப்பு தளர்ந்திருக்கிறது. ஒவ்வொரு டெர்மினலாகக் கை வைத்து இழுத்துப் பாருங்கள். நாளைக்கு அது முழுவதும் அறுந்தால் 3ஆம் கேள்வியில் சொன்னது நடக்கும்.

14. பயன்படாத டேப்பையும் பயன்படாத உள்ளகத்தையும் ஷார்ட் செய்துவிட வேண்டுமா?

உள்ளகத்தைச் செய்ய வேண்டும், டேப்பைச் செய்யக் கூடாது. தனி உள்ளகம் தனி சி.டி. போன்றது, சும்மா விட்டால் திறந்த செகண்டரி. அதை ஷார்ட் செய்து எர்த் செய்யுங்கள். ஆனால் எஸ்1, எஸ்2, எஸ்3 என்று டேப் (சுருளின் இடையில் எடுத்த முனை) உள்ள ஒரே கம்பிச்சுருளில் எஸ்1, எஸ்2ஐப் பயன்படுத்தும்போது எஸ்3ஐ அப்படியே விட்டுவிட வேண்டும். எஸ்2ஐயும் எஸ்3ஐயும் ஷார்ட் செய்தால் அது 10ஆம் பதிலில் சொன்ன ஒட்டிய சுற்றின் பெரிய வடிவம். ரிலேவுக்குப் போக வேண்டிய மின்னோட்டத்தின் பெரும்பகுதியை அது விழுங்கிவிடும்.

800-400/1 சி.டி.யில் 400 டேப்புக்கு 300 வோல்ட் கொடுத்துச் சோதிக்கும்போது முழுச் சுருளின் முனையில் 600 வோல்ட் நிற்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

15. செகண்டரியை யார்டில் ஒரு முறை, பேனலில் ஒரு முறை எர்த் செய்தால் இரட்டைப் பாதுகாப்புதானே?

இல்லை, இரட்டைத் தொல்லை. லைனில் எர்த் ஃபால்ட் வரும்போது எர்த் மேட்டின் இரு மூலைகளும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்காது. அந்த வேறுபாடு நம் செகண்டரி கம்பி வழியாக மின்னோட்டத்தைத் தள்ளும். ரிலேவுக்கு அது சி.டி. அனுப்பியதா, எர்த் அனுப்பியதா என்று தெரியாது. ஃபால்ட் எங்கோ வெளியே இருக்க, டிஃபரன்ஷியல் ரிலே நல்ல டிரான்ஸ்ஃபார்மரை வெட்டிவிடும்.

கண்டுபிடிப்பது சுலபம். பேனலில் உள்ள எர்த் லிங்க்கை எடுத்துவிட்டு, மின்சுற்று முழுவதையும் 500 வோல்ட் மெக்கரால் எர்த்துக்கு அளந்து பாருங்கள். பூஜ்யம் காட்டினால் வேறு எங்கோ இரண்டாவது எர்த் இருக்கிறது. பே மின்தடையில் இருக்கும்போது மட்டுமே இதைச் செய்யுங்கள்.

16. கேபிளைச் சுற்றி மாட்டும் வளைய சி.டி.யில் எர்த் ஃபால்ட் வந்தும் ரிலே எழவில்லை. சி.டி. நன்றாக இருக்கிறது. பிறகு?

கேபிளின் உலோக உறைக்கான எர்த் கம்பி எங்கே போகிறது என்று பாருங்கள். கேபிள் முனைப்பெட்டி சி.டி.க்கு மேலே இருந்தால், உறை வழியாகத் திரும்பும் ஃபால்ட் மின்னோட்டமும் வளையத்துக்குள் எதிர்த்திசையில் கடக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். எர்த் கம்பியை மறுபடி அதே வளையத்துக்குள் திருப்பிக் கொண்டுவந்து பிறகு எர்த்தில் சேர்த்தால் அந்தப் பகுதி கழிந்துவிடும். புதிய பேனல் மாட்டியவுடன் நான் முதலில் குனிந்து பார்ப்பது இந்த ஒரு கம்பியைத்தான்.

17. 110 கிலோவோல்ட் எண்ணெய் சி.டி.க்கு இவை போதுமா?

போதாது. இதுவரை சொன்னவை பெரும்பாலும் செகண்டரியின் கதை. உயர் மின்னழுத்தக் காப்புக்கு டான் டெல்டாவும் (காப்பில் எவ்வளவு மின்சாரம் வீணாகிறது என்பதன் அளவு) மின்தேக்குத்திறனும் அளக்க வேண்டும். எண்ணெயும் காகிதமும் ஈரம் குடித்தால் டான் டெல்டா ஏறும். 0.007 என்ற மேல்வரம்பை இங்கே பரவலாகப் பின்பற்றுகிறார்கள். ஆனால் சென்ற ஆண்டு 0.003 இருந்தது இந்த ஆண்டு 0.006 ஆகியிருந்தால், வரம்புக்குள் இருக்கிறதென்று நான் நிம்மதியாகத் தூங்க மாட்டேன். மின்தேக்குத்திறன் கூடியிருந்தால் காப்பின் அடுக்குகளில் ஏதோ ஒன்று ஷார்ட் ஆகியிருக்கிறது.

தலைப்பகுதியில் உலோகத் துருத்தி உள்ள சி.டி.க்களில் அதன் நிலையைத் தினமும் பாருங்கள். வெப்பநிலைக்குப் பொருந்தாமல் மேலே ஏறியிருந்தால் உள்ளே வாயு சேர்கிறது என்று பொருள். இந்த வகை சி.டி. வெடித்தால் பீங்கான் துண்டுகள் யார்டு முழுவதும் பறக்கும். சந்தேகம் வந்தால் அருகில் போய்ப் பார்க்க வேண்டாம்; கட்டுப்பாட்டு அறையிலிருந்தே பிரேக்கரைத் திறக்கச் சொல்லுங்கள்.

18. எல்லாம் முடிந்து சார்ஜ் செய்தாயிற்று. வீட்டுக்குப் போகலாமா?

இன்னும் பத்து நிமிடம். சோதனைக்காகப் போட்ட ஷார்ட்களை எல்லாம் எடுத்தீர்களா, கழற்றிய எர்த் லிங்க்கைத் திரும்பப் போட்டீர்களா என்று தாளில் எழுதிய எண்ணிக்கையோடு சரிபாருங்கள். சுமை ஏறியதும் டாங் டெஸ்டரால் மூன்று பேஸையும் நியூட்ரலையும் அளந்து குறியுங்கள். சுமை சமமாக இருக்கும்போது நியூட்ரலில் பேஸைப்போல் இரண்டு மடங்கு ஓடினால் 7ஆம் பதிலைப் பாருங்கள். ஒரு பேஸ் அளவே ஓடினால் ஒரு சி.டி.யிலிருந்து மின்னோட்டம் வரவில்லை, பெரும்பாலும் அதன் ஷார்ட் லிங்க்கை எடுக்க மறந்திருப்பீர்கள். ரிலே திரையில் காட்டும் கோணங்கள் 120 டிகிரி இடைவெளியில் ஆர், ஒய், பி என்ற வரிசையில் வருகின்றனவா என்றும் பாருங்கள்.

அன்றைய காந்தமாக்கல் அளவுகளை, வானிலையையும் வேரியாக் எண்ணையும் சேர்த்து, பேயின் பதிவேட்டில் ஒட்டிவைத்துவிட்டுக் கிளம்புங்கள். ஐந்து ஆண்டு கழித்து வருபவர் ஒப்பிட்டுப் பார்க்க அந்த ஒரு தாளைத்தான் தேடுவார்.